மணல் குடித்த பங்கு

போன மாதம் இளம் பொறியியலாளர்கள் மூவர் அன்புவழிபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் கதிரைகள் நான்கு, அளவாகப் போயிற்று. அண்டை நாடுகள் ஒரே ஆற்றின் நீரை உடன்படிக்கை எழுதிப் பங்கிடுவது எப்படி என்று வெளிநாட்டில் ஒரு பயிற்சி முடித்துவிட்டு வந்தவர்கள். மூவரில் லிங்கநகர்ப் பிள்ளை ஒருத்தி கொஞ்சம் வாய்க்காரி.

"ஐயா, எங்கட நாட்டைச் சுத்திவரக் கடல். அடுத்த நாட்டோட பங்கு போட எங்களிட்ட ஒரு ஆறும் இல்லை. பிறகென்னத்துக்கு எங்களை அனுப்பினவை எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனாங்கள். வந்து பழைய கோப்பைப் பார்த்தால் மேலணை, கீழணை உடன்படிக்கை எண்டு ஒண்டு கிடக்கு. அதில உங்கட கையெழுத்தும் கிடக்கு."

"அது சாட்சிக் கையெழுத்துப் பிள்ளை. பெரிசா எடுக்காதேங்கோ."

"பெரிசோ சின்னனோ, எங்கட திணைக்களக் கந்தோர் ஆண்டு மலருக்கு அதை எழுதித் தாங்கோ. இனி மேலணையில தானாக அளவெடுக்கிற கருவி பூட்டப் போகினம். ஆக்கள் போய் நிண்டு வாசிக்கத் தேவையில்லை. அதுக்கு முதல் அது எப்பிடி நடந்தது எண்டு ஆராவது எழுதோணும்."

கருவிக்கு மின்னல் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குரங்கு வயரைப் பிடுங்கினால்? பற்றரி தீர்ந்தால்? எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்று சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு படலையைக் கொளுவினேனா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஆற்றுக்கு மூன்று பெயர். வரைபடத்தில் ஒன்று, மேலே சிங்களக் குடியேற்றத்தில் ஒன்று, கீழே மூதூர்ப் பக்கத்தில் ஒன்று. எதை எழுதினாலும் மற்ற இரண்டு பகுதியும் கோபிக்கும் என்பதால் ஆறு என்றே எழுதுகிறேன். காட்டுக்குள்ளால் வரும் ஆற்றை மேலணையில் மறிக்கிறார்கள். மறிபட்ட தண்ணீர் வாய்க்காலில் திரும்பிக் குடியேற்ற வயல்களுக்குப் போகும். விடுபட்டது ஒன்பது மைல் மணலில் ஓடிக் கீழணைக்கு வரும். அங்கே முஸ்லிம்களும் தமிழர்களும் செய்கிற வயல்கள். கட்டைபறிச்சான் ஊர்க்காரரும் அதில் உண்டு. அதற்கப்பால் கொட்டியாரக் குடா.

மேலணைக்கு ஆறு மதகுக் கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஐந்து பலகை. பலகையைப் போட்டால் தண்ணீர் மேல்பக்கத்துக்கு, தூக்கினால் கீழ்ப்பக்கத்துக்கு. முப்பது பலகையில் இரண்டு ஊர்களின் சோறு இருந்தது. உடன்படிக்கை ஒரே ஒரு தாள், எட்டுப் பிரிவு. அணைச்சுவரில் வர்ணம் பூசிய அளவுகோலில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றால் இரு பகுதியும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். கீழே போனால் முறை: ஒருதரம் மேல்பக்கம், ஒருதரம் கீழ்ப்பக்கம். மாரி மழையோடு வரும் பெரும்போகத்தில் ஒருவருக்கும் இந்தத் தாள் நினைவில் இராது. கோடையில் வரும் சிறுபோகத்தில் எல்லோரும் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவன். சனம் ஓவசியர் என்றது. திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மட்டம் பார்க்கப் பழகினேன், சிங்களம் பழகினேன், மூதூருக்குப் போகிற லாஞ்சிப் படகில் வாந்தி எடுக்காமல் இருக்கப் பழகினேன். மூன்றிலும் கடைசிதான் கடினம்.

அளவுகோல் வாசிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பகுதியும் ஒவ்வொரு ஆளை அனுப்பும். திணைக்களத்துக்காக நான் நிற்பேன். முதலில் மேல்பக்கத்து ஆள் அளவைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு கீழ்ப்பக்கத்து ஆள் பார்த்துச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் நான் எழுதலாம். அதுவரைக்கும் நான் வாய் திறக்கக் கூடாது. எட்டுப் பிரிவில் இது இரண்டாவது. இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப்போய்க் கும்பிட்டிருப்பேன். அடுத்தவன் மொழியில் சண்டை பிடிப்பது எளிதல்ல. சொல்லைத் தேட வேண்டும். தேடுகிற நேரத்துக்குள் கோபம் ஒரு படி இறங்கிவிடும்.

என் காலத்தில் மேல்பக்கத்துக்கு வந்தவர் பியதாச. குடியேற்றத்துக் கமக்கார அமைப்பின் தலைவர், எருமை வைத்திருந்தவர், தயிர்ச்சட்டி விற்கத் திருகோணமலைக்கு வந்து வந்து தமிழ் பிடித்தவர். கீழ்ப்பக்கத்துக்கு வந்தவர் மூதூர் இஸ்மாயில் காக்கா. வாப்பா காலத்திலிருந்து கீழணையின் கீழே வயல் செய்கிறவர். அண்ணன் என்ற பொருளில் நாங்கள் காக்கா என்போம். பியதாச, சிங்களவர் வழக்கப்படி, நானா என்பார்; அதுவும் அண்ணன்தான். காக்கா அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்பார்.

"மாத்தயா, இத்தனை வருஷமா என்னோட சண்டை பிடிக்கிறீங்க. இன்னும் தமிழில ஒண்டரை எண்டு சொல்ல வருகுதில்லையே!"

"நானா, நீங்க சிங்களம் பேசினா நம்ம எருமை கயித்த அறுத்துக்கிட்டு ஓடுது. அத முதல்ல பாருங்க."

இப்படித்தான் அளவு வாசிக்கப்படும். யுத்த காலத்தில் இதுவும் நின்றுபோயிற்று. கீழ்ப்பக்கத்துச் சனம் முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து, வயலில் வளர்ந்திருந்த பற்றையை வெட்டித் துப்புரவாக்கியது. இருவரும் மறுபடியும் அளவுகோலுக்கு முன்னால் வந்து நின்றபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

அந்தக் காலத்தில்தான் நிர்மலா மிஸ் எங்கள் பிரிவுக்குப் பொறியியலாளராக வந்தார். மட்டக்களப்புப் பக்கம். என்னைவிட இருபது வயது இளையவர். இவர் இந்த இரண்டு கிழவர்களோடு என்ன செய்யப் போகிறார் என்று கவலைப்பட்டேன். அவர் ஒரு கூட்டத்திலும் குரலை உயர்த்தியதில்லை. இன்னும் சொன்னால், மற்றவர்கள் சத்தம் போடும்போது தன் குரலை இறக்குவார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லோரும் வாயை மூட வேண்டி வரும்.

தேநீர் விடயத்தில் அவர் வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். மேல்பக்கத்துக்குப் போனால் ஒரு தேநீர், கீழ்ப்பக்கத்துக்குப் போனால் ஒரு தேநீர். இந்த முறை முதலில் மேலே என்றால் அடுத்த முறை முதலில் கீழே. சனம் இதை எண்ணிக்கொண்டிருக்கும். நானும் எண்ணினேன், ஒரு கோப்பைகூடப் பிசகியதில்லை. ஒருதரம் மூதூரில் வயிற்று வலி என்று தேநீரை மறுத்துவிட்டார். அடுத்த கிழமை வேறு வேலை எதுவும் இல்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், இஸ்மாயில் காக்கா வீட்டில் அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு வந்தார்.

"ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவு டீசலா மிஸ்?" என்று கேட்டுவிட்டேன்.

"தேத்தண்ணிக்கு இல்லை அண்ணை. சிறுபோகம் வருதெல்லோ," என்றார்.

வந்தது. அவர் வந்த பிறகு மூன்றாவது சிறுபோகம். மாரி மழை பொய்த்துவிட்டது. தை மாதத்திலேயே தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு முழம் கீழே நின்றது. குடியேற்றத்துக்காரர் தங்கள் வயலில் மூன்றில் ஒரு பங்குதான் விதைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். கீழ்ப்பக்கத்துக்கு அந்தக் கணக்கும் இல்லை. இஸ்மாயில் காக்காவின் ஆட்கள் அலைந்து தேடிச் சேர்த்த பழைய இன நெல்லை விதைக்கு வைத்திருந்தார்கள். முகாமில் இருந்து திரும்பியவர்கள் உறவினர்களிடம் பிடி பிடியாக வாங்கி, ஒரு போகம் பெருக்கி எடுத்த நெல். அது இன்னொரு வருடம் சும்மா கிடந்தால் முளைக்காது. அந்தச் சிறுபோகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது சாப்பாடு மட்டுமல்ல, விதை.

மிஸ் கூட்டம் கூட்டவில்லை. "முதல் தண்ணியோட நடந்து பாப்பம்," என்றார். கீழ்ப்பக்கத்தின் முறையில் மேலணையைத் திறந்துவிட்டு, தண்ணீரின் தலை எங்கே போகிறதோ அங்கே இரண்டு தலைவர்களும் கூடவே நடக்க வேண்டும். பியதாசவோடு குடியேற்றத்து இளைஞர் நாலு பேர், இஸ்மாயில் காக்காவோடு மூதூர் ஆட்கள் நாலு பேர். எண்ணிச் சமமாக்கியது மிஸ்தான்.

ஓட்டம் அளக்கிற கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. கம்பியின் நுனியில் சின்னக் கிண்ணங்கள். தண்ணீரில் பிடித்தால் சுழலும். ஒரு சுற்றுக்கு ஒருதரம் காதில் கொளுவிய குழாயில் 'டிக்' என்று கேட்கும். அந்த டிக்குகளை எண்ணினால் தண்ணீரின் வேகம் வரும். அகலத்தையும் ஆழத்தையும் அளந்து பெருக்கினால் எவ்வளவு போகிறது என்று தெரியும். எண்ணுவதற்கென்றே எனக்குச் சம்பளம் தந்த வேலை இது ஒன்றுதான். அணைக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று எண்ணிச் சொன்னேன். மிஸ் குழாயை வாங்கித் தானும் எண்ணினார். பிறகு அதை இஸ்மாயில் காக்காவின் காதில் கொளுவினார். அதன்பிறகு பியதாசவின் காதில்.

"மழை தகரத்தில விழுற மாதிரிக் கேக்குது," என்றார் இஸ்மாயில் காக்கா.

தண்ணீரின் தலையை நான் அதற்கு முன் அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. காய்ந்த மணலின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு நாக்குப்போல வந்தது. முன்னால் சருகும் நுரையும் எறும்பும். ஒரு குழியில் இறங்கி, நிரம்பி, யோசித்துவிட்டு மறுபடி நகர்ந்தது. அதன் வேகத்துக்கு நாங்கள் நடந்தோம். முதலில் எட்டிப் போட வேண்டியிருந்தது, பிறகு மெதுவாக, பிறகு நின்று நின்று. இரண்டாம் மைலில் டிக்குகள் பாதியாகிவிட்டன. நாலாம் மைலில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூச்சு விடலாம். ஆறாம் மைலைத் தாண்டி ஒரு மருதமர வளைவில் இஸ்மாயில் காக்கா குழாயைக் காதில் இருந்து கழற்றி என்னிடம் தந்தார்.

"ஒண்டும் கேக்குதில்ல ஓவசியர்."

கிண்ணங்கள் சுழலவில்லை. தண்ணீரின் தலை எங்கள் காலடியில் ஈரமான ஒரு திட்டாகி, பார்த்துக்கொண்டிருக்கவே நிறம் வெளிறியது. கீழணைக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று மைல் இருந்தது. காக்கா குனிந்து அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்தார்.

பியதாசதான் தொடங்கினார்.

"நானா, கண்ணால பாத்தீங்கதானே. உங்க பங்க மணல் குடிக்குது. மணலுக்குக் குடுக்கிறத எங்களுக்குத் தாங்க. நம்ம பிள்ளைகளாவது சாப்பிடட்டும்."

"எங்கட பங்கு மாத்தயா. அத நாங்க குடிக்கிறதும் மணல் குடிக்கிறதும் எங்கட வீட்டுக் கதை."

"வீணாப் போனாலும் தர மாட்டீங்க?"

"தந்தா திரும்பி வராது. எங்களுக்குத் தெரியும்."

பியதாசவுக்குக் கோபம் வந்துவிட்டது. கையை மேற்கே நீட்டினார். "அப்ப மேல வந்து எங்க வயல்ல விதைங்களேன்! தண்ணி கீழ வராட்டி நீங்க மேல வாங்க!"

குடியேற்றத்து இளைஞர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மூதூர் ஆட்களில் ஒருவர் மணலில் துப்பினார். இனி அடிபாடுதான் என்று நான் கருவியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அது உடைந்தால் வேறு கருவி எடுக்க இரண்டு வருடம் செல்லும்.

மிஸ் சிரிக்கவில்லை. வழக்கம்போலக் குரலை இறக்கி, "பியதாச மாத்தயா, அதை இன்னொருக்கா சொல்லுங்கோ," என்றார்.

"எத?"

"இப்ப சொன்னதை."

"பகிடிக்குச் சொன்னது மிஸ்."

"பகிடியா இருந்தாலும் நல்ல கதை. எத்தனை ஏக்கர் எண்டு மட்டும் சொல்லேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே குளத்தின் கீழே தண்ணீர் குறைந்தால் குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் எடுத்து, தூரத்து வயல்காரருக்கும் அதில் பங்கு பிரித்துக் கொடுத்து எல்லோரும் விதைப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். சிங்களத்தில் பெத்ம என்பார்கள்; எங்கள் பக்கமும் அதே பெயர்தான். தண்ணீரைப் பிரிக்க முடியாத வருடத்தில் நிலத்தைப் பிரிப்பது. ஆனால் அது ஒரு குளத்து ஆட்களுக்குள், ஒரு ஊருக்குள் நடப்பது. இரண்டு ஊருக்கு இடையில், அதுவும் இந்த இரண்டு ஊருக்கு இடையில், ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. எடுத்தவர் பியதாச, அதுவும் நையாண்டிக்கு. மிஸ் அதை அவர் கையிலிருந்து கீழே விழ விடவில்லை.

மேலணையில் திணைக்களத்தின் சீமெந்துக் களஞ்சியம் ஒன்று காலியாகக் கிடந்தது. பன்சலை என்ற பௌத்த விகாரையில் இருந்து ஏழு கதிரை, பள்ளிவாசலில் இருந்து ஏழு கதிரை கொண்டுவந்து போட்டுக் கூட்டம் நடந்தது. மிஸ் கதிரையில் உட்காரவில்லை. எந்தப் பகுதிக் கதிரையில் உட்கார்ந்தாலும் கதை வரும். சுவரில் சாய்ந்து நின்று கணக்கைச் சொன்னார். கீழ்ப்பக்கத்தின் தண்ணீர் மணலுக்குப் போகாமல் மேலே நின்றால், குடியேற்றத்தில் தரிசாகக் கிடக்கப்போகிற நிலத்தில் இன்னும் எண்பது ஏக்கர் விதைக்கலாம். அந்த எண்பதில் நாற்பது கீழ்ப்பக்கத்துக்கு, நாற்பது மேல்பக்கத்துக்கு. ஒரு போகத்துக்கு மட்டும். அறுத்ததும் நிலம் திரும்ப வேண்டும்.

பியதாச தன் ஆட்களோடு வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தார். "நம்ம ஆக்கள்ல பாதிப் பேருக்குக் கோபம்," என்றார். "எனக்கும் கோபம்தான். வாய விட்டது நான்தானே. சரி."

இஸ்மாயில் காக்கா சரி என்று சொல்லவில்லை. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து ஆற்றங்கரைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் களஞ்சியத்துக் கூரைத் தகடுகளை எண்ணினேன். இருபத்திரண்டு, அதில் மூன்று ஓட்டை.

வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். "மிஸ், நிலம் தாறது பெரிய விசயம். நான் இல்ல எண்டு சொல்ல மாட்டன். ஆனா இந்த வருஷம் நாங்க எங்கட முறைய விட்டா, வாற வருஷம் 'நீங்கதானே வேணாம் எண்டீங்க' எண்டு சொல்லுவாங்க. ஒருக்கா விட்ட முறை திரும்பி வராது. விதைநெல்லக் காப்பாத்தப் போய்த் தண்ணிய இழந்தா என்ட புள்ளைகள் அந்த நெல்ல எங்க விதைக்கிற?"

"விட்ட முறை இல்லை எண்டு எழுதலாம் காக்கா," என்றார் மிஸ்.

"எழுத்து எழுத்துதான் மிஸ். தண்ணி ஓடோணும். ஒவ்வொரு முறைக்கும், எங்கட முறை வாற அண்டைக்கு, ஒரு கண்ணில ஒரே ஒரு பலகை தூக்கோணும். எங்கட பங்கு கீழ போகுது எண்டு ஆறு பாக்கோணும்."

"மணலுக்கா?" என்று மேல்பக்கத்தார் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"மணலுக்குத்தான்."

மிஸ் குரலை இறக்கினார். "எங்க மட்டும் காக்கா?"

காக்கா யோசித்தார். அணைக்குக் கீழே ஆற்றுக்குள் கருங்கற்கள் வரிசையாகக் கிடந்தன. "மூண்டாங் கல்லு நனையுமட்டும். அது நனைஞ்சாப் போதும், பலகையப் போடலாம். ஆனா தூக்கிறது எங்கட ஆள். மேல்பக்கத்து ஆள் அந்தப் பலகையில கை வைக்கக் கூடாது."

இந்தக் கடைசி வரிக்காக மறுபடி ஒரு சண்டை நடந்தது. அதை எழுதினால் மலரில் வேறு எதற்கும் இடம் இராது. கடைசியில் ஒன்பதாம் பிரிவாக எழுதினோம். கீழ்ப்பக்கத்து முறையில் ஒரு பலகை. மூன்றாம் கல் நனையும் மட்டும். தூக்குவதும் போடுவதும் கீழ்ப்பக்கத்தார். மேல்பக்கத்தார் தொட்டால் உடன்படிக்கை மீறல். இருவரும் கையெழுத்து வைத்தார்கள். நான் சாட்சி. களஞ்சியத்தைப் பூட்டும்போது மிஸ் சுவரில் சாய்ந்து நின்ற இடத்தைப் பார்த்தேன். முதுகு முழுவதும் சீமெந்துத் தூள் ஒட்டிய நிலையில் ஜீப்பில் ஏறிப் போனார். அந்தத் தூளைத் தட்டிக்கொள்ளவும் அவருக்கு நினைவில்லை. எத்தனையோ பொறியியலாளர்களின் கீழ் வேலை செய்தவன் நான். மரியாதை என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

கீழ்ப்பக்கத்தார் ஐம்பத்திரண்டு குடும்பத்தின் விதைநெல்லோடு மேலே வந்தார்கள். நாற்பது ஏக்கரைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்தார்கள். முதல் நாள் உழவுக்கு மூதூரில் இருந்து லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது குடியேற்றத்துக்காரர் வரம்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நானா, இந்த மண்ணுக்குச் சிங்களம் மட்டும்தான் விளங்கும்," என்றார் பியதாச.

"லேண்ட்மாஸ்டருக்கு ஒரு பாசையும் விளங்காது மாத்தயா. டீசல ஊத்தினா ஓடும்," என்றார் காக்கா.

அந்தப் போகத்தில் எண்பது ஏக்கரும் அறுத்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்கள் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நான் பட்டது போதும். காய்ச்சல், பன்றி, பூச்சி எல்லாம் வந்தன. ஆனால் நான் எழுத வந்தது அறுவடையை அல்ல.

ஒவ்வொரு முறையிலும் காக்காவோ அவருடைய ஆளோ வந்து பலகையைத் தூக்குவார்கள். தண்ணீர் மணலில் இறங்கும். மூன்றாம் கல் நனைந்ததும் பலகை விழும். குடியேற்றத்து இளைஞர்கள் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார்கள். நெல் உள்ளே கதிர் கட்டும் குடலைப் பருவத்துக்கு வந்தபோது ஆறு அந்த வருடத்தின் ஆகக் குறைந்த மட்டத்துக்கு இறங்கியது. வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பதராகும். மேல்பக்கத்து நெல்லும் அதே வாய்க்காலில், கீழ்ப்பக்கத்து நெல்லும் அதே வாய்க்காலில்.

அப்போது கீழ்ப்பக்கத்து முறை வந்தது. மிஸ் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் அணைக்கட்டில் நின்றேன். பியதாசவும் நாலைந்து இளைஞரும் வந்தார்கள். இஸ்மாயில் காக்கா தனியே வந்தார். அளவு வாசித்து முடிந்தது. காக்கா பலகைக்குக் கிட்டப் போய் நின்று, வாய்க்காலைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இண்டைக்கு வேணாம் ஓவசியர். குடலை நெல்லு. இந்தத் தண்ணிய மணலுக்கு விட என்னால ஏலாது. என்ட நெல்லும் அதிலதானே நிக்குது."

இளைஞர்கள் முகம் மலர்ந்தது. "அதுதான் நல்லது நானா!" என்றான் ஒருவன். நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். ஒன்பதாம் பிரிவில் தூக்காமல் விட்டால் என்ன என்று எழுதவில்லை. களஞ்சியத்தில் அவ்வளவு நேரம் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பியதாச சாரத்தை மடித்துக் கட்டினார். அணைச்சுவரில் ஏறினார். பலகையின் இரண்டு வளையத்திலும் கையைக் கொடுத்து ஒரே இழுவையில் தூக்கினார்.

"மாத்தயா! நான் கேக்கேல்லையே!"

"நீங்க கேட்டா நீங்களே தூக்குவீங்கதானே. கேக்காட்டித்தான் நான் தூக்கணும்."

"நெல்லு காயும்!"

"காயட்டும் கொஞ்சம். என் நெல்லும் காயும்." பலகையைத் தொடையில் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு தன் இளைஞர்களைக் காட்டினார். "நானா, நீங்க இண்டைக்கு விட்டா, நானும் நீங்களும் மவுத்தாப் போன பிறகு இவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'அந்த வருஷம் அவங்களே வேணாம் எண்டாங்க' எண்டு சொல்லுவாங்க. நான் வளத்த பயலுகள். எனக்குத் தெரியும்."

இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் மட்டும் சிரித்துவிட்டான்.

தண்ணீர் கண்ணுக்குள்ளால் பாய்ந்து மணலில் விழுந்தது. முதல் கல், இரண்டாம் கல். காக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தபடி நின்றார். மூன்றாம் கல்லின் அடியைத் தண்ணீர் சுற்றியது. பாதி நனைந்தது.

"போதும் மாத்தயா, போடுங்க."

"பாதிதான் நனைஞ்சிருக்கு."

"போதும் எண்டுறன்!"

"முழுக்க நனையட்டும் நானா. ஒப்பந்தம்."

முழுக்க நனைந்தது. பலகை விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் ஆளுக்கொரு பக்கமாகத் தங்கள் நெல்லைப் பார்க்கப் போனார்கள்.

நான் கைபேசிக்குச் சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கு ஏறி மிஸ்ஸுக்கு அழைத்தேன். கூட்டத்திலிருந்து வெளியே வந்து எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணை, அறிக்கையில என்ன எழுதப் போறீங்கள்?"

"நடந்ததை எழுதுறன் மிஸ். பியதாச பலகையைத் தூக்கினார் எண்டு."

"எழுதினா நான் அந்தாளுக்கு மீறல் எண்டு விளக்கம் கேட்டுக் கடிதம் போடோணும்."

"அப்ப கடிதம் போடாமல் விடுங்கோ."

"விட்டா, வாற வருஷம் மேல்பக்கத்து ஆர் வேணுமெண்டாலும் அந்தப் பலகையில கை வைக்கலாம். போன வருஷம் கடிதம் வரேல்லையே எண்டு கேப்பினம்." அவர் சிரிப்பது கேட்டது, அல்லது மூக்கை உறிஞ்சுவது. எனக்கு நிச்சயமில்லை. "பலகை தூக்கப்பட்டது, மூன்றாம் கல் நனைந்தது எண்டு மட்டும் எழுதுங்கோ."

அப்படியே எழுதினேன். அடுத்த வருடம் மாரி நன்றாகப் பெய்தது. சிறுபோகத்தில் கீழ்ப்பக்கம் தன் முழு முறையையும் எடுத்தது. மேல்பக்கத்தில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்போது யார் தூக்கியது என்பதை அச்சில் எழுதிவிட்டேன். மிஸ் இதை வாசித்தால் என்ன சொல்வாரோ தெரியாது. பியதாசவுக்குக் கடிதம் போகாமல் இருந்தால் சரி.